மூன்றாவது குதிரை

மே மாதப் பெரம்பூரில்
தார் இளகும், செருப்பு இளகும்,
கடன் கேட்டால் சில மனுஷர்கள்கூட இளகுவார்கள்.
இந்த நீலக் கட்டி இளகாது.
அதற்கு எண்பது டிகிரி வேண்டும்.
அக்னி நட்சத்திரத்தையே பார்த்து
இன்னும் கொஞ்சம் கிட்ட வா என்கிற திமிர்.

ரத்தன் பஜாரில் நூற்று நாற்பது ரூபாய்.
விரல் நீளத்தில் இரண்டு கட்டிகள்.
நாலு வருஷமாக அதே இரண்டுதான்.
ஜிமிக்கியின் பள்ளமாக இருந்திருக்கின்றன, சங்கின் பள்ளமாக,
மாதவரத்துப் பல் டாக்டர் சாவிக்கொத்துக்குக் கேட்ட
கடைவாய்ப் பல்லின் பள்ளமாக.
ஆர்டர் முடிந்ததும் கொதிநீரில் போடுவேன்
(தனிப் பாத்திரம்தான், சத்தியமாக).
பல்லை மறந்து, சங்கை மறந்து,
கொழுக்கட்டை மாவுபோல் கைக்கு வரும்.

கீழ்வீட்டு இம்மானுவேல் லிஃப்ட் மெக்கானிக்.
ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் செஸ் அட்டை விரிப்பார்.
அவருடைய கறுப்புக் குதிரைகளில் ஒன்று தொலைந்துபோக
அதன் கட்டத்தில்
ரிமோட்டிலிருந்து கழற்றிய பேட்டரியை நிறுத்தினார்.
மூன்று வாரம் பேட்டரியிடம் தோற்றேன்.
நாலாவது வாரம்
என் வெள்ளைக் குதிரையைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு
மேலே வந்துவிட்டேன்.

முதல் கட்டியில் இடப்பக்க முகம்.
கட்டைவிரலால் அழுத்தும்போது
பிடரியின் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும்
சூடு நுழைவது தெரிந்தது.
ஓரத்தில் பென்சில் முனையால் இரண்டு குழி,
மறுபாதி வழி தவறாமல் வந்து உட்கார.
விளக்கெண்ணெய் தடவி இரண்டாம் கட்டி.
தடவ மறந்தால் பாதியும் பாதியும்
பிரிக்கவே முடியாதபடி ஒன்றாகிவிடும்;
நடுவில் குதிரை மாட்டிக்கொள்ளும்.
சில வீடுகளில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வதுபோல.

ஆறியதும் பிரித்தேன்.
குதிரையை எடுத்த பிறகு
பள்ளத்தை வெளிச்சத்தில் பிடித்தால்
அது மேடாகத் தெரிகிறது. நான் நகர்ந்தால்
உள்ளே இல்லாத அந்த முகம்
என்னோடு திரும்புகிறது.
அடுப்பிலிருந்து ஜன்னல்வரை நடந்து பார்த்தேன்.
ஜன்னலிலிருந்து அடுப்புவரை.
பால் பொங்கிவிட்டது.

எபாக்சி களிமண்ணைப் பிசைந்து அடைத்து,
இரண்டு பாதியையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு,
மேலே குக்கரை வைத்தேன்.
மறுநாள் காலை பிறந்தது.
மூக்கு நடுவில் ஒரு தையல் கோடு,
கழுத்தில் என் ரேகை.
கறுப்புப் பெயின்ட் அடித்தபோது நினைத்தேன்,
என் படையின் உடம்பிலிருந்து எடுத்து
எதிராளிக்குக் கொடுக்கிறேன் என்று.
அந்த ஞாயிறு என் ராணியை வெட்டியது அதுதான்.

நவம்பரில் தண்ணீர் அவர் வீட்டுக்குள் வந்தது.
முதலில் கணுக்கால், பிறகு முழங்கால்.
தலையணைகளையும் மிக்ஸியையும்
ரேஷன் அட்டையையும் படிக்கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.
பீரோவுக்கு அடியிலிருந்து
கவலையே இல்லாமல்
மிதந்து வந்தது பழைய குதிரை.
மரம் அல்லவா.
அவர் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.
இடுப்பில் லுங்கியை ஒரு கையால் பிடித்தபடி,
மின்சாரம் இல்லாத அந்தத் தெருவிலேயே
சத்தமாகச் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

நான் செய்ததைத் தேடினோம்.
அது முழுகியிருந்தது.
நாலாம் நாள் சேற்றை வாரும்போது
தையல் கோடு முதலில் தட்டுப்பட்டது.

இப்போது அவரிடம் கறுப்பு மூன்று.
எதை வைத்து ஆடுவது என்று ஒவ்வொரு வாரமும் வழக்கு.
கனமானதுதான் ஃபேன் காற்றுக்குச் சாயாது என்கிறார்,
மாடிப்படியில் ஃபேன் ஏது.

அச்சு?
இன்னும் உருக்கவில்லை.
கொளத்தூர்க்காரர் ஒருவர் மீன் தொட்டியில் வைக்க
இருபது சிப்பி கேட்டிருக்கிறார், புதன்கிழமைக்குள்.
தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது.
கேஸைக் குறைக்கிறேன், கூட்டுகிறேன்.
பள்ளத்துக்குள் அது
இந்தப் பக்கம் பார்க்கிறது,
அந்தப் பக்கம் பார்க்கிறது.